மொடல் விமானத்துக்கு வர்ணம் பூசும்போது: பூச்சின் குறையும் மூச்சின் நலமும்



குளிர்காலம் வந்துவிட்டால் எமது பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறார்கள். எந்நேரமும் கணினியின் முன் இருக்கும் பிள்ளை ஒரு நாள் பிளாஸ்ரிக் மொடல் பெட்டி ஒன்றைக் கேட்டால் பெற்றோருக்கு மகிழ்ச்சியே. கைக்கும் கண்ணுக்கும் பயிற்சி, பொறுமைக்குப் பாடம், கூடவே கொஞ்சம் வரலாறு. நாங்களும் அப்படித்தான் மகிழ்ந்தோம். ஆனால் ஒட்டி முடித்த மொடலுக்கு வர்ணம் பூச வேண்டும் என்ற கட்டம் வந்தபோது, அது ஒரு சுகாதார விடயமாகவும் மாறிவிட்டது. அதனால்தான் பொழுதுபோக்குப் பக்கத்தில் வரவேண்டிய இக்கட்டுரை நலவாழ்வுப் பக்கத்தில் வருகிறது.

எங்கள் வீட்டில் நடந்தது

13 வயது மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கனடாவின் அவ்ரோ அரோ விமானம் பற்றிய செயற்றிட்டம். இன்று பியர்சன் விமான நிலையம் இருக்கும் மோல்ரன் பகுதியில் கட்டப்பட்டு, 1958 மார்ச் 25ஆம் திகதி முதன்முதலில் பறந்து, 1959 பெப்ரவரி 20ஆம் திகதி அரசாங்கத்தால் கைவிடப்பட்ட விமானம் அது. அதன் 1/72 அளவு மொடலை மகன் மிகக் கவனமாக ஒட்டினான். உடல் முழுவதும் பளபளப்பான வெள்ளை. வெள்ளை நிறம் எந்தக் குறையையும் மறைக்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

பெப்ரவரி மாதம். வெளியே மறை 8 பாகை. கராஜில் வைத்து ஸ்பிறே ரின்னால் அடித்தான். பூச்சு வழவழப்பாக வராமல் தோடம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாக வந்தது. குளிர்தான் காரணம் என்று அவன் சரியாகவே ஊகித்தான். ஆனால் அதற்கு அவன் கண்ட பரிகாரம்தான் பிழை. மொடலையும் ரின்னையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ற்றுக்குப் போய், ஃபேர்னஸுக்கும் சுடுநீர்த் தாங்கிக்கும் நடுவில் பத்திரிகைத் தாளை விரித்து, மணம் மேலே வராதிருக்கக் கதவையும் சாத்திவிட்டு, கரட்டை மறைக்க நான்கு தடவை மேலுக்கு மேல் அடித்திருக்கிறான்.

மேல்மாடியில் படுத்திருந்த அப்பம்மாதான் முதலில் கூப்பிட்டார்.

"தம்பி, கீழே என்னடா மணக்குது? எனக்கு மூச்சு இழுக்குது."

அப்பம்மாவுக்குப் பல வருடங்களாகத் தொய்வு உண்டு. நாங்கள் கீழே ஓடிப்போய் முதலில் செய்தது லைற் சுவிச்சைப் போட்டதுதான். அதுவே எவ்வளவு பெரிய பிழை என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். மகன் தலையைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தான். வெளியே கூட்டிப்போனதும் வாந்தி எடுத்தான். அப்பம்மாவுக்கு இன்ஹேலர் கொடுத்து, யன்னல்களைத் திறந்து, எல்லோரும் ஜக்கற்றுடன் அந்த இரவைக் கழித்தோம். ஒருவருக்கும் பெரிய தீங்கு வரவில்லை. வந்திருக்கக்கூடும் என்பதை எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

மணம் எப்படி இரண்டு மாடி ஏறியது என்று பின்னர் ஃபேர்னஸ் திருத்துபவரிடம் கேட்டோம். காற்றைச் சூடாக்கி அனுப்பும் ஃபேர்னஸ், வீட்டுக் காற்றையே திரும்ப உறிஞ்சி, மறுபடி எல்லா அறைகளுக்கும் அனுப்புகிறது. அதன் அருகே அடிக்கும் ஸ்பிறே சில நிமிடங்களில் படுக்கையறைகளுக்கும் போய்ச் சேரும். கதவைச் சாத்தியதால் பயன் இல்லை.

ரின்னுக்குள் என்ன இருக்கிறது?

ஸ்பிறே ரின்னில் நான்கு பொருட்கள் உள்ளன. நிறம் தரும் தூள், அதைப் பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் இளக்கிவைக்கும் கரைப்பான், எல்லாவற்றையும் வெளியே தள்ளும் வாயு. கரைப்பான்களாக அசற்றோன், ரொலுயீன், சைலீன் போன்றவை பாவிக்கப்படுகின்றன. தள்ளும் வாயுவாக முன்னர் சீ.எப்.சீ. வாயுக்கள் பாவிக்கப்பட்டன. ஓசோன் படலத்துக்கு அவை கேடு என்பதால் 1978இல் அமெரிக்கா பெரும்பாலான ஸ்பிறே ரின்களில் அவற்றைத் தடைசெய்தது. இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் புரொப்பேன், பியூற்றேன் ஆகியவை உள்ளன. இவை அடுப்பில் எரியும் வாயுக்களே. காற்றைவிடப் பாரமானவை என்பதால் தரையோடு படிந்து, தாழ்வான இடத்தில் தேங்கும். வாயுவில் இயங்கும் சுடுநீர்த் தாங்கியின் சுடரும் தரைக்கு அருகில்தான் இருக்கிறது. பேஸ்மென்ற்றில் ஸ்பிறே அடிக்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பூச்சுக் குறைகள்: அறிகுறி, காரணம், பரிகாரம்

வைத்தியர் காய்ச்சலைக் கண்டதும் மருந்து எழுதிவிடுவதில்லை. காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று தேடுகிறார். பூச்சில் தெரியும் குறையும் அப்படி ஓர் அறிகுறிதான். காரணம் தெரியாமல் மேலும் ஒரு பூச்சு அடித்தால் குறையும் கூடும், சுவாசிக்கும் நஞ்சும் கூடும். பொதுவாகக் காணும் குறைகள் இவை.

1. தோடம்பழத் தோல்: பெயின்ற் துளிகள் பெரிதாக விழுந்து, பரவிச் சமப்படுவதற்கு முன் இறுகிவிடுவதால் வருவது. ரின் குளிர்ந்திருந்தால் உள்ளே வாயுவின் அழுத்தம் குறைகிறது, பெயின்ற்றும் தடிக்கிறது. துளி நுண்மையாக உடைவதில்லை. தொடர்ந்து அடித்தாலும் ரின் தானாகவே குளிரும். அதைக் கையில் உணரலாம். பரிகாரம்: ரின்னை அறை வெப்பநிலையில் வைத்திருங்கள். போதாவிட்டால் கை தாங்கும் இளஞ்சூட்டு நீரில் சில நிமிடங்கள் நிறுத்தி, துடைத்து, நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பு, மைக்ரோவேவ், ஹீற்றர், கொதிநீர் இவற்றின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 50 பாகைக்கு மேல் சூடேற விட வேண்டாம் என்று ரின்களிலேயே எழுதியிருக்கிறது. மீறினால் ரின் வெடிக்கும். மகனுடைய நண்பன் ஒருவன் "அடுப்பில் காட்டினால் சரியாகும்" என்று சொல்லியிருந்தான் என்பதைப் பிறகு அறிந்து நடுங்கிப்போனோம்.

ஏற்கனவே கரடாகிவிட்ட பூச்சை என்ன செய்வது? ஓரிரு நாட்கள் நன்றாகக் காயவிட்டு, 1500 அல்லது 2000 இலக்க நீர் அரத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்துச் சமப்படுத்தி, மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்கலாம். எப்போதும் நனைத்தே தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் பெயின்ற் தூள் காற்றில் கலந்து நுரையீரலுக்குப் போகும்.

2. மணல் போன்ற கரடு: தோடம்பழத் தோலுடன் இதைக் குழப்ப வேண்டாம். தூரத்தில் நின்று அடிக்கும்போது துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக விழுகின்றன. தடவினால் மணல் போல இருக்கும். ரின்னுக்கும் மொடலுக்கும் இடையே 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரம் போதும். அப்படி விழாத தூள்தான் அறையெங்கும் மிதக்கிறது. ஆகவே இக்குறை தெரிந்தால், உங்கள் மூக்குக்குள்ளும் அது போயிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

3. வழிதல்: மிக அருகில் அல்லது ஒரே இடத்தில் நிறுத்தி அடித்தால் பூச்சு கண்ணீர் போல வழியும். விரலால் துடைக்க வேண்டாம். இறுகிக் காய்ந்தபின் நனைத்துத் தேய்த்துச் சமப்படுத்தலாம். மொடலுக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, அதைக் கடந்து, வெளியே நிறுத்த வேண்டும். மூன்று மெல்லிய பூச்சு ஒரு தடித்த பூச்சைவிட நல்லது. 1/72 மொடலில் 0.1 மில்லிமீற்றர் தடிப்பு, உண்மை விமானத்தில் 7 மில்லிமீற்றருக்கும் கூடுதலான தடிப்புக்குச் சமம். நுண்ணிய கோடுகள் எல்லாம் அதற்குள் மூழ்கிவிடும். எங்கள் மகனின் நான்கு பூச்சுக்கும் அதுதான் நடந்தது.

4. வெண்புகை படிதல்: பளபளப்பாக வரவேண்டிய பூச்சு பால் படிந்ததுபோல மங்கிவிடும். லக்கர் வகைப் பெயின்ற்றில் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் கூடுதலாக இருந்தால் அது பனிநீர் போலப் பூச்சுக்குள் ஒடுங்குகிறது. ரொறன்ரோவின் புழுக்கமான யூலை மாதத்திலும், துணி உலர்த்தும் பேஸ்மென்ற்றிலும், குளித்து முடித்த குளியலறையிலும் இது வரும். குளிரில் கிடந்த மொடலைச் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே அடித்தாலும் வரும். குளிரிலிருந்து வந்ததும் கண்ணாடி மங்குவதை நாம் எல்லோரும் அறிவோம், அதே விடயம்தான். வறண்ட நாளில் அதே வகைத் தெளிந்த லக்கரை மிக மெல்லியதாகத் தெளித்தால் பலவேளை மங்கல் நீங்கும்.

குளியலறையில் காற்றாடி இருக்கிறதே என்று சிலர் அங்கே அடிக்கிறார்கள். ஈரமும் அங்கே, சிறிய மூடிய இடமும் அதுவே. பூச்சும் கெடும், மூச்சும் கெடும்.

5. மீன்கண்: வட்ட வட்டமாகப் பெயின்ற் விலகி, நடுவில் பிளாஸ்ரிக் தெரியும். காரணம் எண்ணெய்ப் பசை அல்லது சிலிக்கோன். அச்சிலிருந்து பிளாஸ்ரிக்கைக் கழற்றப் பூசும் எண்ணெய், விரலில் உள்ள பிசுபிசுப்பு, எங்கள் வீடுகளில் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய், குசினியில் பொரிக்கும்போது எழும் எண்ணெய் ஆவி எல்லாம் காரணமாகலாம். ஒட்டுவதற்கு முன்பே பாகங்களை இளஞ்சூட்டு நீரிலும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்திலும் கழுவி உலர்த்துங்கள். பின்னர் நைற்றில் கையுறையுடன் தொடுங்கள். கையுறை மொடலைக் கையிலிருந்தும், கையைக் கரைப்பானிலிருந்தும் காக்கிறது.

6. வெடிப்பும் சுருக்கமும்: எனாமல் பூச்சின் மேல் லக்கர் அடித்தால், லக்கரின் கடுமையான கரைப்பான் கீழ்ப்பூச்சை இளக்கிச் சுருங்கவைக்கும். லக்கர் கீழே, எனாமல் மேலே என்ற ஒழுங்கை நினைவில் வையுங்கள். அதேபோல், வாகனங்களுக்கான கடுமையான ஸ்பிறேயை வெறும் பிளாஸ்ரிக்கில் நேரடியாக அடித்தால் பிளாஸ்ரிக்கே நுண்ணியதாக வெடித்துப் போகும். மொடலுக்கென்றே செய்யப்பட்ட பிரைமரும் பெயின்ற்றும் வாங்குங்கள். பிளாஸ்ரிக்கைக் கரைக்கும் ஒரு பொருள் நுரையீரலை என்ன செய்யும் என்று பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். அது நல்ல பாடம்.

7. தூசி, உரிதல்: தூசி விழாமல் இருக்க, அடித்தவுடன் மொடலை ஒரு காட்போட் பெட்டியால் மூடிவிடுங்கள். பிரைமர் இல்லாமல், அல்லது கழுவாத பிளாஸ்ரிக்கில் அடித்தால் பூச்சு ஒட்டாமல் உரிந்துவரும்.

முழுவதும் கழற்ற வேண்டி வந்தால்

பூச்சு திருத்த முடியாத அளவுக்குக் கெட்டால் அதைக் கழற்றிவிட்டு மறுபடி தொடங்கலாம். மொடலுக்கான அக்ரிலிக் பூச்சுகள் பல மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஊறவைத்தால் இளகும். அதுவும் எரியக்கூடியது, ஆகவே காற்றோட்டமான இடத்தில் மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். வீட்டுச் சுவருக்கும் தளபாடத்துக்குமான கடும் பெயின்ற் நீக்கிகளை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். அவற்றுள் டைகுளோரோமெதேன் உள்ளவை மிக ஆபத்தானவை. அதைச் சுவாசித்தால் உடலுக்குள்ளேயே காபன் மொனொக்சைட்டாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமப்பதைத் தடுக்கிறது. உயிரிழப்புகள் நேர்ந்ததால் 2019இல் அமெரிக்கா இத்தகைய நீக்கிகளை வீட்டுப் பாவனையாளருக்கு விற்பதைத் தடைசெய்தது. பிளாஸ்ரிக் மொடலையும் அது கரைத்துவிடும்.

உடலுக்கு என்ன நடக்கிறது?

கரைப்பான் ஆவி நுரையீரலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் விரைவாகப் போகிறது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், தூக்கக் கலக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். கண்ணும் தொண்டையும் எரியும். தொய்வு உள்ளவர்களுக்கு மூச்சிழுப்பு தொடங்கலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீட்டில் இன்னும் கூடுதல் கவனம் தேவை.

"இப்போது மணக்கவில்லை, போய்விட்டது" என்று அடித்தவரே சொல்வதை நம்ப வேண்டாம். மூக்கு சில நிமிடங்களில் பழகிவிடும். எங்கள் மகனும் தனக்கு மணமே தெரியவில்லை என்றுதான் சொன்னான். வெளியிலிருந்து வருபவரின் மூக்குத்தான் சரியான சாட்சி. அத்துடன், அடித்து முடித்த பிறகும் பூச்சு காயக் காய ஆவி வெளிவந்துகொண்டே இருக்கும். காயும் மொடலைப் படுக்கையறை மேசையில் வைப்பது நல்லதல்ல.

முகக்கவசம் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். துணிக் கவசமும் என்-95 கவசமும் கரைப்பான் ஆவியைத் தடுக்கமாட்டா. என்-95 நுண் துளிகளை மாத்திரமே பிடிக்கும். ஆவிக்குக் கரி வடிகட்டி பொருத்திய, சேதன ஆவிக்கென்று குறிக்கப்பட்ட கவசம் தேவை. அது முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். தாடி இருந்தால் பொருந்தாது. பெரியவர்களுக்கான கவசம் பிள்ளைகளின் சிறிய முகத்தில் பொருந்துவதில்லை. ஆகவே பிள்ளைகள் ஒட்டட்டும், கழுவட்டும், தேய்க்கட்டும், தூரிகையால் பூசட்டும். ஸ்பிறேயைப் பெரியவர் ஒருவர் திறந்த வெளியில் அடிப்பதே நன்று.

இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் கண்ணாடிப் பளபளப்புப் பூச்சுகளையும் சிலர் மொடல்களுக்குப் பாவிக்கிறார்கள். அவற்றுள் ஐசோசயனேற் உள்ளவை புதிதாகத் தொய்வையே உண்டாக்கக்கூடியவை. வாகனப் பெயின்ற் அடிக்கும் தொழிலாளர்களிடம் இது நன்கு அறியப்பட்ட நோய். வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

குளிர்காலத்தில் எப்படிச் செய்யலாம்?

• கடுங்குளிர் நாட்களில் ஸ்பிறே வேண்டாம். ரின்னில் குறித்துள்ள ஆகக் குறைந்த வெப்பநிலையைப் பாருங்கள். அதுவரை நீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையால் பூசலாம்.
• நீரில் கரையும் பெயின்ற்றையும் ஸ்பிறேயாக அடித்தால் நுண் துளி நுரையீரலுக்குப் போகும். கவசமும் காற்றோட்டமும் அதற்கும் வேண்டும்.
• குளிர் தணிந்த வறண்ட நாளில், மொடலையும் ரின்னையும் அறைச் சூட்டில் வைத்திருந்து, வெளியே ஒரு பெட்டிக்குள் வைத்து விரைவாக அடியுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும்.
• கராஜ் என்றால் பெருங்கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் கதவு சாத்தியிருக்க வேண்டும். சுடர் உள்ள எந்தக் கருவியும் அருகில் இருக்கக் கூடாது.
• முதல் மணம் தணியும்வரை பெட்டியால் மூடி அங்கேயே விடுங்கள்.
• மீதி உள்ள ரின்களைக் குப்பையில் போடாமல், உங்கள் நகரசபையின் ஆபத்தான கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

ரின்னில் உள்ள அடையாளங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கனடாவில், முக்கோணத்துக்குள் இருக்கும் படம் கொள்கலமே ஆபத்தானது என்பதையும், எண்கோணத்துக்குள் இருக்கும் படம் உள்ளே உள்ள பொருள் ஆபத்தானது என்பதையும் குறிக்கும். ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிமாரும் இதை விளங்கிக்கொள்ளலாம்.

ஏதாவது நடந்துவிட்டால்

மணம் அடைபட்டிருக்கும் அறையில் சுவிச்சைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். அந்தச் சிறு பொறியே போதும். எல்லோரும் வெளியே வாருங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். நஞ்சு ஆலோசனை நிலையத்தைக் கூப்பிடுங்கள்: கனடாவில் 1-844-764-7669, கியூபெக் மாகாணத்தில் 1-800-463-5060, அமெரிக்காவில் 1-800-222-1222. மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு என்றால் தாமதிக்காமல் 911.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

கதைக்கத் தயங்கும் ஒரு விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். சில இளம் பிள்ளைகள் ஸ்பிறே ரின் வாயுவை வேண்டுமென்றே முகர்கிறார்கள். முதல் தடவையிலேயே இதயத் துடிப்பு குழம்பி மரணம் நேரலாம். காரணமின்றி ரின்கள் விரைவில் முடிவது, உடையில் பெயின்ற் மணம், ஒளித்துவைத்த துணித் துண்டுகள் ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். கண்டால் அடிக்கவோ ஏசவோ வேண்டாம். இருத்திக் கதையுங்கள், குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். எமது சமூகத்தில் இப்படி நடக்காது என்று இருந்துவிடுவது ஆபத்தானது.

மகனை நாங்கள் தண்டிக்கவில்லை. மணம் மேலே வரக் கூடாது என்று அவன் கதவைச் சாத்தியது எங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்ற எண்ணத்தால்தான். கேட்டிருந்தால் நாங்கள் என்ன சொல்லியிருப்போம் என்பதையும் யோசித்தோம். "இந்த நேரத்தில் இதெல்லாம் தேவையா?" என்றுதான் சொல்லியிருப்போம். தவறின் ஒரு பங்கு எங்களுடையது.

செயற்றிட்டத்தை வர்ணம் முடியாத விமானத்துடனேயே ஒப்படைத்தான். ஆசிரியர் புள்ளி குறைக்கவில்லை. மே மாதம் வந்தபின், பழைய பூச்சைக் கழற்றி, கழுவி, பின்வளவில் மேசை போட்டு, அப்பா அடிக்க, அவன் தூரம் சொல்ல, மூன்று மெல்லிய பூச்சில் முடிந்தது. அப்பம்மா தூரத்தில் கதிரையில் இருந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இடது சிறகின் அடியில் இன்னும் ஒரு சிறு தோடம்பழத் தோல் இருக்கிறது. "அது கிடக்கட்டும்" என்று மகன் விட்டுவிட்டான்.

இந்தக் குளிர்காலத்தில் உங்கள் பிள்ளையும் ஒரு மொடல் கேட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். ஸ்பிறே ரின்னைத் திறக்கும் முன் தன்னைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். கூப்பிட்டால் போய் நில்லுங்கள்.